அழிப்பதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் ஒரு தவறு நடந்தது. செய்தவர்கள் மாணவர்கள். ஆனால், அனுமதி கொடுத்தவள் நான். ஆகவே அந்தத் தவறு என்னுடையதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவர்கள் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாதச் சோதனைப் புள்ளிகளை உள்ளிட்டால், ஒவ்வொரு மாணவரின் பெயரிலும் ஓர் அறிக்கைக் கோப்பை அது உருவாக்கிக் கொடுக்கும். ஏறக்குறைய 600 வரிகள். பிறகு வந்த ஒவ்வோர் அணியும் அதில் கொஞ்சம் ஒட்டியது, கொஞ்சம் வெட்டியது. ஒரே கணக்கு நான்கு இடங்களில் திரும்பத் திரும்ப வரும். எதற்கு என்ன பெயர் என்பதே புரியாது. ஆனாலும் நிரல் வேலை செய்தது.

கழகத்தில் புதிதாகச் சேர்ந்த படிவம் 4 மாணவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள்.

"டீச்சர், இதப் படிச்சாலே தல சுத்துது. மொத்தத்தையும் அழிச்சிட்டு நாங்களே புதுசா எழுதிடுறோம்."

அவர்களின் ஆர்வம் எனக்குப் பிடித்திருந்தது. சரி என்றேன். இரண்டு வாரத்தில் புதிய நிரல் தயாரானது. வண்ணத் திரை, அழகான பொத்தான்கள், பாதி அளவு வரிகள். எல்லாரும் கைதட்டினோம்.

மாதக் கடைசியில் அறிக்கைகளை எடுத்தோம். மலாய் மாணவர்களின் அறிக்கைகள் வந்தன. சீன மாணவர்களின் அறிக்கைகளும் வந்தன. இந்திய மாணவர்களில் பெரும்பாலோரின் அறிக்கைகளைக் காணவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கவே இல்லை என்பதுபோல நிரல் அமைதியாக முடிந்துவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. நம் அடையாள அட்டைப் பெயர்களில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று வரும் அல்லவா? நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோடுதான் சிக்கல். கோப்பின் பெயரில் சாய்கோடு வந்தால், அதற்கு முன்னால் இருப்பது ஓர் அடைவின் பெயர் என்று கணினி எடுத்துக்கொள்ளும். அப்படி ஓர் அடைவு இல்லாததால் கோப்பு உருவாகாது. புதிய நிரல் உருவாக்க முடியாத கோப்பை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகும்படி எழுதப்பட்டிருந்தது.

பழைய நிரலின் நகலைத் தேடி எடுத்துப் பார்த்தோம். 212ஆவது வரியில் ஒரு சிறு கட்டளை இருந்தது: பெயரில் சாய்கோடு வந்தால் சிறுகோடாக மாற்று. ஏன் என்ற விளக்கம் இல்லை. எங்கள் மாணவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். "தேவையில்லாத வரி" என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால், முன்னொரு காலத்தில் இதே சிக்கலில் மாட்டி, விடை கண்டுபிடித்த ஒரு மாணவனோ மாணவியோ இருந்திருக்க வேண்டும். அந்த அனுபவத்தைத்தான் நாங்கள் அழித்துவிட்டோம்.

மதிப்பு மாறக்கூடாது, வடிவம் மாறலாம்

நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலைக்கு மென்பொருள் உலகில் ஒரு பெயர் உண்டு: ரீஃபேக்டரிங். தமிழில் மறுசீரமைப்பு என்று சொல்லலாம். நிரல் வெளியில் செய்யும் வேலையில் எந்த மாற்றமும் இல்லாமல், அதன் உள்ளமைப்பை மட்டும் படிப்படியாகச் சீர்படுத்துவதுதான் அது. வில்லியம் ஆப்டைக் என்ற ஆய்வாளர் 1992இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வை இதைப் பற்றிச் செய்தார். 1999இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய நூல் அதை உலகெங்கும் உள்ள நிரலர்களிடம் கொண்டு சேர்த்தது.

'ஃபேக்டர்' என்ற சொல் உங்களுக்குக் கணிதத்தில் பழக்கமானது, காரணி. 7 × 36 + 7 × 64 என்ற கணக்கைப் பாருங்கள். 7ஐப் பொதுக் காரணியாக வெளியே எடுத்தால் 7 × (36 + 64), அதாவது 7 × 100. விடை இரண்டிலும் 700. மதிப்பு மாறவில்லை, ஆனால் இரண்டாவது வடிவத்தை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

நிரலிலும் இதே வேலைதான். தேர்ச்சிப் புள்ளி 40 என்ற எண் பதினோர் இடத்தில் எழுதப்பட்டிருந்தால், அதற்கு ஒரு பெயர் கொடுத்து ஒரே இடத்தில் வைக்கலாம். நாளைக்கு அந்த எண் மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். பைத்தான் 3இல் அந்தப் பெயரைத் தமிழிலேயே 'தேர்ச்சிப்_புள்ளி' என்று வைத்துக்கொள்ளவும் முடியும். நான்கு இடங்களில் வரும் ஒரே கணக்கை ஒரு செயற்கூறாக மாற்றலாம். யாரும் அழைக்காத பகுதியை நீக்கலாம். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பிறகும் நிரலை ஓட்டி, பழைய விடையே வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது.

ஜெர்மன் குறிப்புகளும் செத்த வரிகளும்

600 வரி நிரலுக்கே இவ்வளவு பாடு என்றால், பல மில்லியன் வரிகள் கொண்ட மென்பொருளை என்ன செய்வது? அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, உங்களில் பலர் வீட்டுக் கணினியில் வைத்திருக்கும் லிப்ரே ஆபிஸ். காசு கொடுக்காமல் பதிவிறக்கிக் கட்டுரையும் கணக்கும் எழுதலாம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். இது திறமூல மென்பொருள். இதன் நிரல் வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம்.

இதன் வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. 1985இல் மார்கோ போரிஸ் என்ற பதின்ம வயது இளைஞர் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆபிஸ் மென்பொருளை 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000ஆம் ஆண்டில் அதன் மூலநிரல் 'ஓப்பன் ஆபிஸ்' என்ற பெயரில் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. 2010 செப்டம்பரில் தன்னார்வலர்கள் பலர் பிரிந்து வந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள்.

அவர்கள் கைக்கு வந்தது கால் நூற்றாண்டுக் குடும்ப வீடு மாதிரி. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. நிரலுக்கு இடையே எழுதப்பட்ட விளக்கக் குறிப்புகள் பல ஜெர்மன் மொழியில் இருந்தன. மற்ற நாட்டு நிரலர்களுக்கு அவை புரியவில்லை. அவற்றை அழித்துவிடலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஜெர்மன் குறிப்பு எங்கே இருக்கிறது என்று தேடித் தருவதற்கென்றே ஒரு சிறு நிரல் எழுதினார்கள். ஜெர்மன் தெரிந்த தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை இது. எங்கள் 212ஆவது வரியின் அருகில் அப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால், எந்த மொழியில் இருந்தாலும், நாங்கள் தப்பித்திருப்போம்.

அடுத்தது, யாருமே அழைக்காத செயற்கூறுகள். அவை ஆயிரக்கணக்கில் கிடந்தன. நிரலர்கள் இவற்றைச் 'செத்த நிரல்' என்பார்கள். எவை செத்தவை என்று ஊகத்தில் முடிவு செய்யாமல், கருவி கொண்டு தேடிப் பட்டியல் எடுத்து, சிறிது சிறிதாக நீக்கினார்கள். இந்த மாதிரி வேலைகளில் சுலபமானவற்றைப் 'எளிய பணிகள்' என்று தனியாகப் பிரித்துப் புதியவர்களுக்குக் கொடுத்தார்கள். பெரிய மென்பொருளுக்குள் ஒரு புதியவர் நுழைவதற்கு வாசலாக இருந்தது இந்தத் துப்புரவு வேலைதான்.

இன்று அங்கே யார் ஒரு திருத்தம் அனுப்பினாலும், அது சேர்க்கப்படுவதற்கு முன் கணினிகள் அதைத் தாமாகவே சோதிக்கின்றன. தேறினால்தான் உள்ளே போகும். அனுபவசாலிக்கும் புதியவருக்கும் ஒரே சோதனைதான்.

'கொ' என்ற எழுத்து எப்படித் திரைக்கு வருகிறது?

இந்த வேலையில் நம் தமிழுக்கு நேரடியாகக் கிடைத்த பலன் ஒன்று உண்டு.

நீங்கள் 'கொ' என்று தட்டச்சு செய்தால், கணினி சேமிப்பது க என்ற எழுத்தையும் அதன் பின்னால் ஒகரக் குறியையும். ஆனால் திரையில் ஒற்றைக்கொம்பு முன்னாலும், கால் பின்னாலும், க நடுவிலும் வர வேண்டும். சேமித்த வரிசை ஒன்று, காட்டும் வரிசை இன்னொன்று. இப்படி எழுத்துகளை அடுக்கித் தரும் பகுதிக்கு எழுத்து வடிவாக்கி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

முன்பு லிப்ரே ஆபிஸ் விண்டோஸில் ஒரு வடிவாக்கியையும், மேக்கில் இன்னொன்றையும், லினக்ஸில் மூன்றாவது ஒன்றையும் பயன்படுத்தியது. ஒரே கோப்பு கணினிக்குக் கணினி வேறு மாதிரி தெரியலாம். ஓரிடத்தில் திருத்திய பிழை வேறோர் இடத்தில் அப்படியே இருக்கலாம். 2013இல் லினக்ஸ் பதிப்பில் 'ஹார்ஃப்பஸ்' என்ற திறமூல வடிவாக்கியைக் கொண்டுவந்தார்கள். 2017 பிப்ரவரியில் வந்த 5.3 பதிப்பில் எல்லாக் கணினிகளுக்கும் அதையே பொதுவாக்கினார்கள். பொதுக் காரணியை வெளியே எடுப்பது என்றேனே, அதன் பெரிய வடிவம் இது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவற்றிலும் ஹார்ஃப்பஸ் இருக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹார்ஃப்பஸை வளர்த்தவர் பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்ற ஈரானியர். பழைய நிரல் போதவில்லை என்று அவர் அதைப் புதிதாகவே எழுதினார். அப்படியானால் எங்கள் மாணவர்கள் செய்ததும் அதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. விக்கிப்பீடியாவிலிருந்து பல மொழிச் சொற்களைத் திரட்டினார்கள். தமிழ்ச் சொற்கள் மட்டுமே லட்சக்கணக்கில் இருந்தன. ஒவ்வொரு சொல்லையும் தம் நிரலிலும், மைக்ரோசாஃப்ட்டின் யூனிஸ்கிரைப் வடிவாக்கியிலும் கொடுத்து, இரண்டின் விடையும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டார்கள். மாறுபட்டால் காரணம் தேடினார்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதிய ஆசிரியர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் தம் சொற்கள் ஒரு நாள் ஒரு மென்பொருளுக்குச் சோதனைத் தாளாகப் போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நாங்கள் எங்கள் நிரலைச் சோதிக்கக் கொடுத்த பெயர்கள் எத்தனை தெரியுமா? ஐந்து. அவற்றில் ஒன்றில்கூட சாய்கோடு இல்லை.

ஒரே சாவி, 15 ஆண்டுகள்

இன்னொரு செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளியில் மூன்று அறிவியல் கூடங்கள் இருந்தும் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பு உள்ளே இருந்தால் மற்ற இரண்டும் வெளியே நிற்க வேண்டும். 1996இல் வந்த லினக்ஸ் 2.0 பல செயலிகள் கொண்ட கணினிகளில் ஓடத் தொடங்கியபோது, பாதுகாப்புக்காக இப்படி ஒரே பூட்டை வைத்தார்கள். 'பெரிய கருனிப் பூட்டு' என்று அதற்குப் பெயர். அப்போதைக்கு அது சரியான முடிவு. கணினிகளில் செயலிகள் பெருகியபோது அதுவே தடையானது.

அதை ஒரே நாளில் பிடுங்கி எறியவில்லை. ஓரிடத்தில் அந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்று படித்து, அங்கே ஒரு சிறு தனிப்பூட்டு போட்டு, சோதித்து, அடுத்த இடத்துக்குப் போனார்கள். கடைசி இடத்திலிருந்து அது நீங்கியது 2011இல். அந்த 15 ஆண்டுகளும் லினக்ஸ் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

நம் ஊரின் பெயரில் இருக்கும் 'பாரு'

எப்போதுமே பழையதைத்தான் பழுது பார்க்க வேண்டுமா? கோலா குபு பாருவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 'பாரு' என்றால் புதியது. நம் ஊரே ஒரு முறை புதிதாக எழுதப்பட்டதுதான்.

1883இல் அணை உடைந்து பழைய கோலா குபுவில் வெள்ளம் புகுந்தது. பிரிட்டிஷ் அதிகாரி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டார்கள். அந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை என்றுதான் பெயர். பிறகும் மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். ஆனால் ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண் ஆற்றை மேடாக்கியது. வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. கடைசியில் 1930 வாக்கில், நகரத் திட்டமிடுநர் சார்லஸ் ரீட் வரைந்த பூங்கா நகரத் திட்டப்படி, மேட்டு நிலத்துக்கு ஊரை மாற்றினார்கள். எத்தனை முறை வீட்டைப் பழுது பார்த்தாலும் ஆற்றின் மட்டம் குறையப்போவதில்லை. அடித்தளமே பிழையாக இருக்கும்போது இடம் மாறுவதுதான் அறிவு.

ஆனால் அதற்கு விலை உண்டு. 1998இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலைத் திறந்துவிட்டது. சில மாதங்களில், பழைய நிரலைக் கைவிட்டுப் பெரும்பகுதியைப் புதிதாக எழுதுவது என்று முடிவானது. அடுத்த பெரிய பதிப்பான நெட்ஸ்கேப் 6 வருவதற்கு 2000 நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் பயனர்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குப் போய்விட்டார்கள். அந்தப் புதிய நிரலிலிருந்து 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 பிறந்தது உண்மைதான். ஆனால் நெட்ஸ்கேப் இழந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கவே இல்லை.

ஆகவே, 'புதிதாக எழுதலாம்' என்று சொல்லும் உரிமை பழையதை முழுதாகப் படித்தவருக்குத்தான் உண்டு என்பது என் கருத்து. "எனக்குப் புரியவில்லை" என்பது அழிப்பதற்குக் காரணம் ஆகாது.

பள்ளிகளில் என்ன மாற வேண்டும்?

இதில் மாணவர்களைவிட ஆசிரியர்களாகிய எங்கள் பங்குதான் அதிகம். புத்தாக்கப் போட்டி என்கிறோம், புதிய கண்டுபிடிப்பு என்கிறோம். கோப்பை எல்லாம் புதியதற்கே போகிறது. ஓர் அணி சென்ற ஆண்டின் நிரலை எடுத்து, சீராக்கி, விளக்கம் எழுதி, சோதனைகள் சேர்த்துக் கொண்டுவந்தால் அதற்கு எந்தப் பிரிவிலும் பரிசு கிடையாது. "என்ன புதுசா செஞ்சீங்க?" என்ற கேள்வியிலேயே அந்த அணி தோற்றுவிடும். பிறகு பழையதைப் படிக்க மாணவர்களுக்கு எப்படி மனம் வரும்?

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் புதிய நிரல் எழுதித் தருகிறது. அப்படியானால் பழையதைப் படிப்பது வீண் வேலையா? நான் அப்படி நினைக்கவில்லை. புதிய வரிகள் மலிவாகக் கிடைக்கும் காலத்தில், எந்த வரி ஏன் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு கூடும். எங்கள் பள்ளியில் 'ஏ/எல்', 'ஏ/பி' பெயர்கள் காணாமல் போகும் என்பதை எந்தக் கருவியும் எங்களுக்குத் தானாக முன்வந்து சொல்லியிருக்காது. நம் பெயர்களின் சிக்கல் நமக்குத்தான் முதலில் தெரியும். நாம் சோதிக்காவிட்டால் நமக்காக யார் சோதிப்பார்கள்?

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, நிரலாக்கத் திட்டப்பணிகளில் ஒரு பகுதிப் புள்ளியைப் பழைய நிரலைச் சீராக்குவதற்கு ஒதுக்க வேண்டும். இரண்டாவது, படிவம் 5 முடித்துப் போகும் மாணவர்கள் தங்கள் நிரலைத் தம்பி தங்கைகளிடம் உட்கார்ந்து விளக்கி ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது, ஆர்வம் உள்ளவர்கள் லிப்ரே ஆபிஸ் போன்ற திறமூலத் திட்டங்களின் எளிய பணிகளில் ஒன்றையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். இடைமுகத்தைத் தமிழாக்கும் பணிகூட அங்கே இருக்கிறது. அதற்கு நிரலாக்கமே தெரிய வேண்டியதில்லை, நல்ல தமிழ் தெரிந்தால் போதும்.

இந்த ஆண்டு நாங்கள் பழைய நிரலுக்கே திரும்பிவிட்டோம். முதல் மாதம் ஒரு வரியையும் மாற்றவில்லை. பள்ளியில் உள்ள எல்லா வகைப் பெயர்களையும் கொண்டு ஒரு சோதனைப் பட்டியல் தயாரித்தோம். 'பின்' வரும் பெயர், 'பிந்தி' வரும் பெயர், 'ஏ/எல்', 'ஏ/பி' வரும் பெயர், மேற்குறி உள்ள பெயர், மிக நீளமான பெயர். பிறகு வாரம் ஒரு செயற்கூறாகச் சீராக்கி வருகிறோம். 600 வரிகள் இப்போது 410 ஆகியிருக்கின்றன. அறிக்கைகள் ஒன்றுகூடத் தவறவில்லை.

சாய்கோட்டை மாற்றும் அந்த வரி இன்னும் இருக்கிறது. அதற்கு மேலே, "எல்லாத்தையும் அழிச்சிடலாம்" என்று சொன்ன அதே மாணவன் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறான்: "இதை நீக்காதீர்கள். நீக்கினால் நம் பெயர்கள் காணாமல் போகும்."